சோறு போட ஆள் உண்டு... பேரேடு எழுத?

விக்கிரவாண்டியில் பிரிந்து கும்பகோணம் போகும் நெடுஞ்சாலை, கோலியனூர் கூட்டுரோட்டைத் தொட்டுக்கொண்டுதான் பண்ருட்டிக்கும் வடலூருக்கும் இறங்குகிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிறவர்களுக்கும் இதுதான் வழி. புத்துவாயம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு மட்டும் வெளியூர்க்காரர்கள் இறங்குகிற ஊர். மற்ற நாட்களில் பஸ்ஸில் இருந்தபடியே கடந்து போய்விடுவார்கள்.

இதே சாலையின் தெற்கே, வடலூரில், 1867 மே 23 அன்று வள்ளலார் தருமசாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. பழைய தென்னார்க்காட்டுச் சீமையில் பசித்தவருக்குச் சோறு போடு என்று யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அது இந்த மண்ணில் ஊறிய பழக்கம்.

ஆனால், நடமாட முடியாத ஒரு பாட்டிக்கோ, மனநலம் குன்றிய மகனை வைத்துக்கொண்டு தவிக்கும் ஒரு தாய்க்கோ சோறு மட்டும் போதாது. மாதா மாதம் மாத்திரை வேண்டும். மனு எழுதித் தர ஆள் வேண்டும். 'எப்படி இருக்கீங்க?' என்று வாரம் ஒருமுறையாவது எட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும். இதையெல்லாம் செய்கிற சின்னச் சின்ன அமைப்புகள் எந்தப் பணத்தில் ஓடுகின்றன, எங்கே மூச்சுத் திணறுகின்றன என்பதுதான் இந்த வாரம் பேச வேண்டியது.

ஊருக்குள்ளேயே ஒரு சங்கம்

கோலியனூர் ஒன்றியத்து ஊராட்சிகளில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய குழுக்கள், 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் 1990-களின் கடைசியில் மாநிலம் முழுக்கப் பரவின. குழுக்கள் சேர்ந்தால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு. ஊரில் 'பி.எல்.எஃப்.' என்பார்கள். இதற்குப் பக்கத்திலேயே இன்னோர் அமைப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. அதுதான் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம், பேச்சுவழக்கில் 'வி.பி.ஆர்.சி.' 2005-ல் உலக வங்கிக் கடனோடு வந்த 'புதுவாழ்வு' திட்டம் பெற்றெடுத்த பிள்ளை இது. அந்தத் திட்டம் முடிந்தாலும், ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் சங்கங்கள் தொடர்ந்தன.

இந்தச் சங்கத்தின் அடிப்படை ஒரு பட்டியல். 'மக்கள் நிலை ஆய்வு' என்று பெயர். ஊர்க்காரர்களே கூடி உட்கார்ந்து, தெருத் தெருவாகப் பார்த்து, யார் மிகவும் ஏழை, யார் ஏழை, யார் நடுத்தரம், யார் வசதி என்று பிரிப்பார்கள். மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற முதியவர்கள், கைவிடப்பட்ட பெண்கள் என்று நலிவுற்றோரைத் தனியே குறிப்பார்கள். பட்டியலைக் கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து தயாரிக்கிற பட்டியலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மகன் மாடி வீட்டில் இருக்க, அவன் துரத்திவிட்ட கிழவி யார் என்பது ஊருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சாதியும் பங்காளிச் சண்டையும் இந்தப் பட்டியலிலும் புகுந்து விளையாடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் சபையில் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் தனிக் குழுக்கள் உண்டு. பெண்கள் குழுவுக்குக் குறைந்தது பத்துப் பேர் என்றால், சிறப்புக் குழுவுக்கு ஐந்து பேரே போதும். ஆணும் பெண்ணும் கலந்தும் இருக்கலாம். ஐந்து பேர் வாரம் ஆளுக்கு 50 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 13,000 ரூபாய். குழுவுக்குச் சுழல் நிதி வரும். அந்தப் பணத்தை அவர்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டாலும், தவணைக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கிற நுண்கடன் ஆளிடமிருந்து தப்பலாம். அந்த வசூல் தொல்லைக்காகவே 2025-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

எனக்கு இதில் பணத்தைவிடப் பெரிதாகத் தெரிவது அந்தக் கூட்டம். ஊன்றுகோலோடு வருகிறவர், பார்வையில்லாதவர், பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வரும் பாட்டி எல்லோரும் கோயில் திண்ணையிலோ அங்கன்வாடி வாசலிலோ ஒன்றாக உட்கார்கிறார்கள். குழுவை நடத்தும் ஊக்குநர் பெயர் வாசிக்கிறார். ஒருவர் வரவில்லை என்றால் 'ஏன் வரலை? உடம்பு சரியில்லையா?' என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நகரத்தில் ஆலோசகருக்கு மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுகிறோம்.

திரும்பி வராத பணம்

இனிதான் சிக்கல். கூட்டமைப்பின் கையில் இருப்பது இரண்டு வகைப் பணம். ஒன்று, தொழிலுக்கான பணம். புதுவாழ்வு காலத்தில் 'அமுதசுரபி' என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். இன்று சமுதாய முதலீட்டு நிதி. கறவை மாடு வாங்கலாம், இட்லிக் கடை போடலாம், தவணை கட்டலாம். இன்னொன்று, நலிவு நிலைக் குறைப்பு நிதி. திடீர் மருத்துவச் செலவு, வீட்டில் சாவு, அரிசி வாங்க வழியில்லாத வாரம் ஆகியவற்றுக்கானது.

முதல் பணம் வசூலானால்தான் சுழலும். இரண்டாவது பணம், வசூலிக்கவே முடியாத நிலையில் இருப்பவருக்காக வந்தது. அந்தப் பாட்டியிடம் போய்த் தவணை கேட்டால் கூட்டமைப்பு இன்னொரு ஃபைனான்ஸ் கம்பெனி. கேட்காமல் விட்டால் அடுத்த வீட்டுத் தாத்தாவுக்குக் கொடுக்கப் பெட்டியில் ஒன்றும் இருக்காது. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். மாற்றுத்திறனாளிக்கு 1,500. (இந்த 1,200-ல், எண்பது வயதுக்குக் கீழே இருப்பவருக்கு ஒன்றிய அரசின் பங்கு இன்னமும் 200 ரூபாய்தான். ஒரு கிலோ ஆட்டுக்கறி விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த 200 ரூபாயைப் பற்றியும் எப்போதாவது பேசலாம்.) இதில் மாத்திரை, மளிகை போக எந்தத் தவணையைக் கட்டுவது?

அனுபவப்பட்ட கூட்டமைப்புகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன: இரண்டு பணத்தையும் கலக்காமல் இருப்பது. தனி வங்கிக் கணக்கு, தனிப் பேரேடு, தனித் தீர்மானம். திரும்பி வராத தொகையை 'வரும், வரும்' என்று புத்தகத்தில் சுமந்துகொண்டே போகாமல், கூட்டத்தில் வைத்து, தீர்மானம் போட்டுத் தள்ளுபடி செய்துவிடுவது. தள்ளுபடி செய்ததை மறைக்காமல் எழுதி வைப்பது. கேட்க எளிது. தள்ளுபடி பெற்றது தலைவியின் நாத்தனாராக இருந்தால் எழுதுகிற கை நடுங்கும்.

கணக்கைப் பிரித்து வைத்தாலும் சமாளிக்க முடியாத நாளும் வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தென்பெண்ணை கரை மீறியது. விழுப்புரம் மாவட்டம் தண்ணீரில் நின்றது. வழக்கமாக, ஒரு குடும்பம் நொடித்தால் குழுவில் உள்ள மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். ஊரே நொடித்தால்? நெல்லும் கரும்பும் மணிலாவும் மூழ்கினால் கூலி வேலை இல்லை. கூலி இல்லை என்றால் சேமிப்பு இல்லை, தவணை இல்லை. நிதி அதிகம் தேவைப்படுகிற அதே வாரத்தில்தான் நிதிக்கு வரவு நின்றுபோகிறது. அரசு குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் கொடுத்தது. சின்ன அமைப்புகளுக்கு இப்படிப்பட்ட நாளுக்கென்று ஒதுக்கி வைத்த கையிருப்பு அநேகமாக இருப்பதில்லை. காரணம், கையிருப்பு வைத்திருக்கும் அமைப்புக்குக் கொடுப்பவர்கள் 'அதான் உங்ககிட்ட இருக்கே' என்று சொல்லிவிடுகிறார்கள்.

பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

அரசுத் திட்டத்தை ஒட்டி வாழும் சங்கத்தின் கதை இது. தானாக நிற்கும் அமைப்பு இன்னும் பாவம். மனவளர்ச்சிக் குறைபாடுள்ள 15 பிள்ளைகளுக்குக் கோலியனூர் பக்கம் ஒரு பகல்நேர மையம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். உத்தேசமாக நானே போட்ட கணக்கு. ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

வாடகை 6,000. மின்சாரம், தண்ணீர் 2,000. இரண்டு ஆயாக்களுக்கு 16,000. சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு 15,000. வேனுக்கு 12,000. மதியச் சாப்பாடு 15,000. பகுதி நேரக் கணக்கருக்கு 5,000. ஆக மாதம் 71,000 ரூபாய். ஆண்டுக் கடைசியில் ஆடிட்டர் செலவு தனி.

இந்த 71,000-ல் சாப்பாடு ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால், மகனின் பிறந்த நாள், அப்பாவின் திதி, கல்யாண நாள் என்று தேடி வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள். கேக் வெட்டுகிறார்கள், பிரியாணி வருகிறது, போட்டோ எடுக்கிறார்கள். சில நாள் ஒரே மதியத்துக்கு இரண்டு பேர் கேட்டு, 'ஒருத்தர் ராத்திரிக்கு வெச்சுக்கறீங்களா?' என்று சமாதானம் செய்ய வேண்டியிருக்கும். பிள்ளைகள் சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது வேறு விஷயம். 'ஆயா சம்பளத்துக்குக் கொடுங்க' என்று கேட்டால் முகம் மாறிவிடும். 'கணக்கருக்குக் கொடுங்க' என்றால் சந்தேகமே வந்துவிடும்.

சட்டமோ கணக்கருக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யலாம். அதன் பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த வரவு செலவை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வருமான வரி விலக்குக்கு 12ஏ பதிவு. கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்க 80ஜி. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் வருமான வரித் துறை இணையதளம் வழியாகச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்க வேண்டும். 12ஏ பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றிருந்ததை, 2025 நிதிச் சட்டம் சின்ன அறக்கட்டளைகளுக்குப் பத்தாண்டாக்கியது. நல்ல காரியம்.

'கம்பெனிக்காரங்ககிட்ட சி.எஸ்.ஆர். நிதி கேளுங்களேன்' என்பது நலம்விரும்பிகளின் நிரந்தர யோசனை. 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டியது உண்மைதான். அதைப் பெற 12ஏ வேண்டும், 80ஜி வேண்டும், மூன்றாண்டு அனுபவம் வேண்டும், 2021-லிருந்து தனிப் பதிவு எண்ணும் வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. நிர்வாகச் செலவு ஐந்து சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி, நிதி தருகிற கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. வேலை செய்கிற அமைப்பின் சம்பளத்தைப் பற்றியது அல்ல. ஆனால் அதையே காட்டி 'சம்பளத்துக்கெல்லாம் தர முடியாது சார்' என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டு நிதி வேண்டுமென்றால் கடந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் சேவைக்குச் செலவழித்திருக்க வேண்டும். டெல்லியில் உள்ள குறிப்பிட்ட ஸ்டேட் பேங்க் கிளையில் கணக்கு வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய பெரிய அமைப்பு சின்ன அமைப்புக்குப் பிரித்துத் தரவும் வழியில்லை. கோலியனூர் மையத்துக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது.

கணக்கு இல்லாத இடத்தில்

இவ்வளவு காகிதம் எதற்கு, நல்ல மனசு போதாதா என்று கேட்பவர்களுக்கு விழுப்புரம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் குண்டலப்புலியூரில் ஓர் இல்லத்துக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். அங்கே விடப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்துக்குப் போன ஆட்கொணர்வு மனுவிலிருந்து தொடங்கியது அது. உள்ளே இருந்தவர்கள் 140 பேருக்கும் மேல். ஆதரவற்றவர்கள், மனநலம் பாதித்தவர்கள். உரிய பதிவு இல்லை என்றார்கள் அதிகாரிகள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நமக்கு இங்கே தேவையான கேள்வி ஒன்றுதான்: இத்தனை ஆண்டுகளாக அந்த இல்லத்துக்கு அரிசி மூட்டை கொடுத்தவர்களில் எத்தனை பேர், 'வருகைப் பதிவேட்டைக் காட்டுங்கள், தணிக்கை அறிக்கையைக் காட்டுங்கள்' என்று கேட்டிருப்பார்கள்?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகளைத் தீ தின்றபோதும் நாடே அதிர்ந்தது. ஆட்களின் கணக்கும் பணத்தின் கணக்கும் வேறு வேறு அல்ல. யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று எழுதாத இடத்தில், எவ்வளவு வந்தது எவ்வளவு போனது என்றும் எழுதியிருக்க மாட்டார்கள்.

கணக்கைச் சரியாகப் பிடித்ததால் வளர்ந்த இடமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவை இழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் சொந்த ஊரான ஆய்க்குடியில் 'அமர் சேவா சங்க'த்தைத் தொடங்கினார். தொடங்கியது சில குழந்தைகளோடு. பின்னால் அவரோடு வந்து சேர்ந்தவர் எஸ். சங்கரராமன். தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர், தொழிலால் ஆடிட்டர். ஒருவருக்கு மனம், ஒருவருக்குப் பேரேடு. இன்று தென்காசி மாவட்டத்தில் அது எவ்வளவு பெரிய மறுவாழ்வு மையம் என்பதைப் போய்ப் பார்த்தவர்கள் அறிவார்கள். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லாச் சின்ன அமைப்புக்கும் சொந்தமாக ஓர் ஆடிட்டர் கிடைப்பாரா என்றால், மாட்டார். ஆனால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தொழில் செய்கிற ஆடிட்டர்கள் ஆளுக்கு ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

பக்கத்து மாநிலம் வேறு வழி பார்த்தது. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், 90-களின் கடைசியில் மலப்புரம் பக்கம் அக்கம்பக்கத்தார் வலைப்பின்னலாக மாறியது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை ஊர்த் தொண்டர்களே வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். பெரும்பகுதிப் பணம் சின்ன நன்கொடைகள்: கடை உண்டியல், பள்ளிப் பிள்ளைகளின் சில்லறை, பஸ்காரர்களின் ஒரு நாள் வசூல். 2008-ல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. அங்கே உண்டியல் பணம் எந்த நோயாளிக்கு என்று பெயர் எழுதி வருவதில்லை. நர்ஸ் சம்பளத்துக்கும் போகும், வண்டி டீசலுக்கும் போகும். அதனால்தான் நிற்கிறது.

நமக்கும் இது புதிதில்லை. வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும், காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடியரிசித் திட்டம் இங்கே நடந்தது. தலைக்கட்டு வரி போட்டுத் திருவிழா நடத்துகிற ஊர்களில், தேர் நிலைக்கு வந்த மறுவாரமே வரவு செலவை வாசிக்கிறார்கள். பந்தல்காரருக்கு இவ்வளவு, மேளக்காரருக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, 'பூவுக்கு எப்படி இவ்வளவு ஆச்சு?' என்று மடக்குகிற ஆள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். வறுமை ஒழிப்புச் சங்கத்துக்கும் தேவைப்படுகிற ஆள் அவர்தான்.

குழுக்களுக்கு அரசு சொல்லித்தரும் பஞ்ச சூத்திரத்தில் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல் என்று நாலு வந்து, ஐந்தாவதாக வருவது கணக்குப் பதிவு. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஆளுக்கொரு பாஸ் புத்தகம். பெரும்பாலும் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த ஒரு பெண், வீட்டு வேலை முடித்து, இரவு உட்கார்ந்து எழுதுகிறார். கூட்டமைப்பில் கணக்கருக்கு ஒரு மதிப்பூதியம் உண்டு. அது கைக்கு வர நாளாகும். அவர் கல்யாணமாகி வேறு ஊர் போனால் புத்தகம் ஆறு மாதம் அப்படியே நிற்கும். புத்தகம் நின்றால் வங்கிக் கடன் நிற்கும், அடுத்த தவணை நிதி நிற்கும். கடைசியில், ஊன்றுகோல் ஊன்றி வந்தவருக்குக் கிடைக்க வேண்டிய உதவி நிற்கும். எந்த மோசடியும் நடக்க வேண்டியதில்லை, ஒரு பெண் ஊர் மாறினாலே போதும்.

அதனால் வாசகர்களிடம் இரண்டு கோரிக்கைகள். அடுத்த பிறந்த நாளுக்கு ஓர் இல்லத்துக்கோ மையத்துக்கோ கொடுக்க நினைத்திருந்தால், பிரியாணிக்கு ஆகும் தொகையை 'எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்' என்று வங்கிக் கணக்கில் போடுங்கள். ரசீது கேளுங்கள், போன ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். தரத் தயங்குகிற இடத்துக்குக் கொடுக்காதீர்கள். இரண்டாவது, ஊரில் இருப்பவர்களுக்கு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் ஒன்றிலாவது எழுந்து நின்று, நலிவுற்றோர் பட்டியலையும் வறுமை ஒழிப்புச் சங்கத்தின் வரவு செலவையும் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கிற பெண்ணுக்கு இந்த மாத மதிப்பூதியம் வந்துவிட்டதா என்றும் கேளுங்கள்.